சிறகிலி ஈ: சுரக்கும் ஒரு புரதமும் அது உணர்த்தும் மரபியலும்

முன்னுரை

"கண் நிறத்திற்கான மரபணு", "உயரத்திற்கான மரபணு", "புற்றுநோய்க்கான மரபணு" என்னும் தொடர்கள் நம் வகுப்பறைகளிலும் நாளேடுகளிலும் இயல்பாக வழங்கி வருகின்றன. இத்தொடர்களில் நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' தன் பணியைச் செவ்வனே செய்கிறது. "கூலிக்கு உழைத்தான்" என்னும் தொடரில் அது 'பொருட்டு' என்னும் பொருளைத் தருவதுபோல, இங்கும் ஒரு நோக்கத்தை உணர்த்துகிறது. கேட்கும் மாணவர், புற்றுநோயை உண்டாக்கும் பொருட்டே ஒரு மரபணு உடலில் அமைந்திருப்பதாக எண்ணிக்கொள்கிறார். தொடரில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. அதனாலேயே அதில் உள்ள அறிவியல் பிழை எளிதில் புலப்படுவதில்லை.

அப்பிழையைப் பழ ஈயின் மரபணு ஒன்றைக் கொண்டு விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். அம்மரபணுவின் பெயர் 'விங்லெஸ்'. 'அறிவிலி' என்பதைப்போல் 'சிறகிலி' என்று அதனைத் தமிழில் வழங்கலாம். அதன் வழிகாட்டலில் உருவாகும் புரதம், உயிரணுவுக்குள் ஆக்கப்பட்டு வெளியே அனுப்பப்படும் சுரப்புப் புரதமாகும். சர்க்கரைச் சங்கிலிகள் அதனோடு பிணைக்கப்படுவதால் அது கிளைக்கோபுரதம், அதாவது சர்க்கரைப்புரதம், என்னும் வகையைச் சேர்ந்தது. இம்மரபணு எவ்வாறு கண்டறியப்பட்டது, அதன் புரதம் எவ்வாறு ஆக்கப்பட்டு அனுப்பப்படுகிறது, எத்தனை இடங்களில் எத்தனை வேலைகளைச் செய்கிறது என்னும் மூன்றையும் முறையே காண்போம்.

குறையால் பெயர் பெறும் மரபு

பழ ஈ ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுள்ளது. கனிந்த வாழைப்பழத்தைச் சமையலறையில் வைத்தால் தானே வந்து சேரும் சிற்றுயிர் அது. 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் முட்டையிலிருந்து முழு ஈயாக வளர்வதற்கு அதற்குப் பத்து நாள்களே போதும். குறைந்த இடத்தில், குறைந்த செலவில் பல தலைமுறைகளைக் காண இயலும் என்பதால் மரபியலாளர்கள் அதனைத் தெரிந்துகொண்டனர்.

1910ஆம் ஆண்டில், நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன், சிவந்த கண்களையுடைய ஈக்களிடையே வெண்ணிறக் கண்களையுடைய ஆண் ஈ ஒன்றைக் கண்டார். அவ்வேறுபாட்டுக்குக் காரணமான மரபணுவுக்கு 'வெள்ளை' என்னும் பொருள்படும் 'ஒயிட்' என்று பெயரிடப்பட்டது. இங்கு ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். 'வெள்ளை' என்னும் அம்மரபணு நலமாக இருந்தால் ஈயின் கண் சிவப்பாக இருக்கும், பழுதுபட்டால்தான் வெளுக்கும். ஈயின் மரபணுக்கள் பெரும்பாலும் தாம் செய்யும் செயலால் பெயர் பெறுவதில்லை. தாம் இல்லாதபோது தோன்றும் குறையால் பெயர் பெறுகின்றன. சிறகிலியும் அவ்வாறு பெயர் பெற்றதே.

புது தில்லியில் ஓர் ஈ

1973ஆம் ஆண்டில் ஆர். பி. சர்மா என்னும் ஆய்வாளர் சிறகற்ற பழ ஈ ஒன்றைப் பற்றிய சிறு குறிப்பை வெளியிட்டார். அவர் புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர். 1976இல் அவரும் வி. எல். சோப்ராவும் இணைந்து அதன் விரிவான விளக்கத்தை அறிவியல் இதழ் ஒன்றில் எழுதினர்.

பழ ஈக்கு ஒரு சோடிச் சிறகுகள் உண்டு. அவற்றுக்குப் பின்னே, பறக்கும்போது உடலைச் சமநிலையில் நிறுத்தும் குண்டாந்தடி வடிவச் சிற்றுறுப்புகள் ஒரு சோடி உண்டு. இப்பிறழ்வுடைய ஈக்களுள் சிலவற்றுக்கு இரு சிறகுகளும் இருந்தன; சிலவற்றுக்கு ஒன்றுமட்டும் இருந்தது; சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. சமநிலை உறுப்பும் இவ்வாறே இழக்கப்பட்டது. சிறகு இல்லாத இடம் வெற்றிடமாகவும் இருக்கவில்லை. அங்கே முதுகுப்புறத் தகடு இரண்டாம் முறையாக உருவாகியிருந்தது. அஃதாவது, சிறகாக வேண்டிய உயிரணுக்கள் அழிந்துபோகவில்லை, அவை முதுகாகிவிட்டன.

இந்நுட்பமான கவனிப்பு பின்னாளில் பெரும்பயன் தந்தது. சிறகைக் கட்டும் செங்கல் ஒன்று குறைந்திருந்தால் அரைகுறைச் சிறகு தோன்றியிருக்கும். முதுகு தோன்றியமையால், "நீ சிறகாக வேண்டும்" என்னும் அறிவிப்பே அவ்வுயிரணுக்களை எட்டவில்லை என்று கருத இடம் ஏற்பட்டது. குறைந்தது பொருள் அன்று, செய்தி.

ஹைடெல்பர்கில் அதே மரபணு

ஏழாண்டுகளுக்குப் பின் இம்மரபணு வேறோர் உருவில் வெளிப்பட்டது. ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷௌஸ் ஆகிய இருவரும் முட்டையிலிருந்து வெளிவராமலேயே இறந்துபோகும் ஈக் கருக்களை ஆராய்ந்தனர். நலமான கருவின் வயிற்றுப்புறத் தோலில் நுண்முட்கள் நிறைந்த பட்டையும் வழவழப்பான பட்டையும் மாறிமாறி அமைந்திருக்கும். சில கருக்களில் இவ்வொழுங்கு குலைந்திருந்தது. இத்தகைய குலைவுக்குக் காரணமான 15 மரபணுக்களை அவர்கள் 1980இல் வெளியிட்ட கட்டுரையில் வகைப்படுத்தினர். அப்பணிக்காக 1995ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசை, எட்வர்ட் லூயிசுடன் அவர்கள் பகிர்ந்துகொண்டனர்.

அந்தப் பதினைந்தனுள் ஒன்று விங்லெஸ். அது முற்றிலும் பழுதுபட்ட கருக்களில் வழவழப்பான பட்டைகள் மறைந்து, வயிறு முழுவதும் நுண்முட்கள் பரவியிருந்தன. அக்கரு புழுவாக வெளிவருவதில்லை. சிறகு முளைக்கும் பருவத்தை எட்டுவதும் இல்லை.

ஒரே மரபணுவின் பழுது ஓர் இடத்தில் சிறகை மட்டும் நீக்குவதும், மற்றோர் இடத்தில் உடல் அமைப்பையே குலைத்து உயிரைப் போக்குவதும் எங்ஙனம்? இதற்கு விடை மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் உள்ளது. ஒரு வீட்டில் அழைப்புமணி ஒன்று இருக்கிறது. அதனை ஒலிக்கச் செய்ய முன்வாயிலில் ஒரு பொத்தானும் பின்வாயிலில் ஒரு பொத்தானும் உள்ளன எனக் கொள்வோம். பின்வாயில் பொத்தான் பழுதானால் பின்பக்கமாக வருவோர்க்கு மட்டும் மணி ஒலிக்காது. மணியே உடைந்துவிட்டால் எப்பக்கத்தினர்க்கும் ஒலிக்காது.

புது தில்லி ஈயில் பழுதானது பொத்தான். புரதத்தின் அமைப்பை எழுதிவைத்துள்ள பகுதி அதில் சேதமுறவில்லை. அதற்கு அப்பால், சிறகு உருவாகும் இடத்தில் மரபணுவை இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியில் டி.என்.ஏ. துண்டு ஒன்று இழக்கப்பட்டிருந்தது. ஆகவே, கருப்பருவத்தில் புரதம் வழக்கம்போல் உருவாயிற்று. ஈ உயிர் பிழைத்தது. சிறகு மட்டும் தவறியது. ஹைடெல்பர்க் கருக்களிலோ மணியே உடைந்திருந்தது. 'சிறகிலி' என்னும் பெயர், ஒரு பொத்தானின் பழுதை மட்டும் கண்டு முழு மணிக்கும் இட்ட பெயராகும்.

செய்தி ஆக்கப்படும் முறை

இனி, அந்தப் புரதம் உயிரணுவுக்குள் எவ்வாறு ஆயத்தமாகிறது என்பதைக் காண்போம். பழ ஈயின் விங்லெஸ் புரதம் 468 அமினோ அமிலங்களால் ஆனது. அதன் தொடக்கத்தில் உள்ள சிறு பகுதி முகவரிச் சீட்டுப் போன்றது. "இப்புரதம் வெளியே அனுப்பப்பட வேண்டியது" என்பதை அது உணர்த்துகிறது. அதனால் புரதம், ஆக்கப்படும்போதே எண்டோபிளாச வலைக்குள் செலுத்தப்படுகிறது. அங்கே மூன்று வேலைகள் நடைபெறுகின்றன.

முதலாவது, மடிப்பு. இப்புரதத்தில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் மிகுதியாக உள்ளது. சிஸ்டீன்கள் இரண்டிரண்டாகக் கந்தக அணுக்களால் பிணைந்து, புரதத்திற்குக் கட்டுக்கோப்பான வடிவத்தைத் தருகின்றன.

இரண்டாவது, சர்க்கரை ஏற்றம். அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலத்தை அடுத்து ஓர் அமினோ அமிலம் விட்டுச் செரினோ திரியோனினோ வரும் இடங்களில், 14 சர்க்கரை அலகுகளைக் கொண்ட சங்கிலி முழுமையாக அப்படியே பொருத்தப்படுகிறது. அந்தப் பதினான்கில் குளுக்கோஸ் 3, மன்னோஸ் 9, என்-அசிட்டைல் குளுக்கோசமின் 2. பின்னர் நொதிகள் அச்சங்கிலியைச் செதுக்கி மாற்றுகின்றன. சுரப்புப் புரதங்கள் பலவற்றுக்கும் பொதுவான முறை இது.

மூன்றாவது வேலை மிக அரிதானது. 'முள்ளம்பன்றி' என்று பொருள்படும் 'போர்க்குபைன்' என்னும் நொதி, புரதத்தின் குறிப்பிட்ட செரின் ஒன்றில் 16 கார்பன் அணுக்களையுடைய பால்மிட்டோலியிக் அமிலத்தை ஒட்டுகிறது. இது ஒரு கொழுப்பு அமிலம். தாயிடமிருந்தும் இந்நொதி கிடைக்காத ஈக் கருக்களில், சிறகிலிக் கருக்களைப் போலவே வயிற்றில் முட்கள் பரவியிருக்கும். செய்தி எழுதப்பட்டும் முத்திரை இடப்படாமையால் அது சென்று சேர்வதில்லை.

கொழுப்பு ஒட்டிய புரதம் நீரில் எளிதில் கரையாது. ஆதலால் அதனை உயிரணுவின் மேற்பரப்புக்குக் கொண்டுசெல்லத் தனி ஏவலாள் தேவைப்படுகிறது. 'வின்ட்லெஸ்' எனவும் 'ஈவி' எனவும் பெயரிடப்பட்ட அப்புரதம் 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அது விங்லெசைச் சுமந்து, கோல்கை உடலம் வழியாக உயிரணுப் படலம்வரை செல்கிறது.

சர்க்கரை எங்கே தேவைப்படுகிறது?

புரதத்தில் சர்க்கரை இருப்பதால், அது சுரப்பதற்குச் சர்க்கரை தேவை என்று முடிவு கட்டுவது எளிது. அம்முடிவைச் சோதித்துப் பார்த்தனர். சர்க்கரை பொருந்தும் இடங்களையெல்லாம் மாற்றி, சர்க்கரையற்ற விங்லெஸ் புரதத்தை ஈயில் உருவாக்கிய ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. அப்புரதம் சுரந்தது, தன் செய்தியையும் உணர்த்தியது. கொழுப்பை நீக்கியபோதோ செய்தி குன்றியது. ஒரு பொருள் ஓரிடத்தில் இருப்பது, அவ்விடத்து வேலைக்கு அது இன்றியமையாதது என்பதற்குச் சான்றாகாது. இந்தப் பாடத்தை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

எனினும், சர்க்கரைக்கு இக்கதையில் இடமில்லை என்று கூறிவிட முடியாது. 1997ஆம் ஆண்டில் 'சுகர்லெஸ்', அதாவது 'சர்க்கரையிலி', என்னும் ஈ மரபணு விளக்கம் பெற்றது. நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை ஆக்குவதற்குரிய மூலப்பொருளை உண்டாக்கும் நொதி அதனால் அமைகிறது. அது பழுதுபட்ட கருவும் சிறகிலிக் கருவைப் போலவே தோன்றியது. காரணம், உயிரணுக்களின் வெளிப்பரப்பில் 'டாலி' முதலிய கிளைக்கோபுரதங்கள் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளைத் தாங்கி நிற்கின்றன; விங்லெஸ் அச்சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு உயிரணுப் பரப்பில் தங்குகிறது. தூதனின் மேலுள்ள சர்க்கரையைவிட, தூதன் செல்லும் பாதையிலுள்ள சர்க்கரையே இங்கு முதன்மை பெறுகிறது.

செய்தி பெறப்படும் முறை

வந்த செய்தியை வாங்கும் ஏற்பியின் பெயர் 'ஃபிரிசில்ட்'. ஈயின் மயிர்கள் ஒழுங்கின்றிச் சுருண்டிருந்த பிறழ்வினால் அதற்கு அப்பெயர் வந்தது. விங்லெசின் உறவுப் புரதம் ஒன்றும் ஏற்பியின் பகுதியும் இணைந்திருக்கும் வடிவத்தை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளிப்படுத்தினர். கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒரு பொருளைப் பற்றுவதுபோலப் புரதத்தின் இரு நீட்சிகள் ஏற்பியைப் பற்றியிருந்தன. 'கட்டைவிரலின்' நுனியிலிருந்த கொழுப்பு, ஏற்பியின் பள்ளத்தில் பொருந்தியிருந்தது. முத்திரை என்று முன்னர்க் கூறியது, பூட்டைத் திறக்கும் சாவியாகவும் பயன்படுகிறது.

செய்தி வராத வேளையில் உயிரணுவுக்குள் 'ஆர்மடில்லோ' என்னும் புரதம் ஆக்கப்படுவதும் உடனுக்குடன் சிதைக்கப்படுவதுமாக இருக்கும். செய்தி வந்ததும் சிதைக்கும் பொறி நிறுத்தப்படுகிறது. ஆர்மடில்லோ பெருகி உட்கருவுக்குள் நுழைந்து, 'பங்கோலின்' என்னும் புரதத்தோடு சேர்ந்து மரபணுக்களை இயக்குகிறது. பங்கோலின் என்பது நம் வட்டாரக் காடுகளிலும் வாழும் அழுங்கு. சுருண்டுகொள்ளும் விலங்கு என்னும் கருத்துடைய மலாய்ச் சொல்லிலிருந்து அப்பெயர் ஆங்கிலத்துக்குச் சென்றது. மலாய்ச் சொல் ஒன்று ஈயின் மரபணுவுக்குப் பெயராகியிருப்பது, பல மொழிகள் வழங்கும் நம் மண்ணில் நினைக்கத்தக்க செய்தி.

தொலைவும் அளவும்

விங்லெசைப் பற்றிய விளக்கங்களில் செறிவுச்சரிவு என்னும் கருத்து முதலிடம் பெறும். இறுதிப் புழுப்பருவத்தில், சிறகாகவிருக்கும் தட்டுப் போன்ற உயிரணுத் தொகுதியின் நடுவே ஒரு கோடாக விங்லெஸ் சுரக்கிறது. அக்கோட்டுக்கு அருகில் செறிவு மிகுதி. விலக விலகக் குறைவு. மிகுந்த செறிவைப் பெறும் உயிரணுக்கள் சிறகின் விளிம்பிலுள்ள மயிர்களை உருவாக்குகின்றன. குறைந்த செறிவைப் பெறுபவை சிறகின் பரப்பாகின்றன. ஒரே சொல், உரத்தும் மெல்லவும் சொல்லப்படும்போது வேறு வேறு பொருள் தருவது போன்றது இது. 1996, 1997ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் இக்கருத்துக்கு வலுவூட்டின.

செறிவு அளவுமீறிப் போகாமலும் ஒரு காவல் உண்டு. 'நோட்டம்' என்னும் நொதி, விங்லெசின் கொழுப்பை வெட்டி நீக்கிச் செயலிழக்கச் செய்கிறது. விங்லெஸ் மிகும் இடத்தில் இந்நொதியும் மிகுதியாகச் சுரக்கும். 2002இல் இதனைக் கண்டறிந்த குழுக்களுள் ஒன்று, 'விங்லெஸ்' என்பதற்கு எதிராக இதற்கு 'விங்ஃபுல்' என்று பெயரிட்டது. அது கொழுப்பை நீக்கும் நொதி என்பது 2015இல் உறுதியாயிற்று.

2014ஆம் ஆண்டில் லண்டனில் ஜான்-பால் வான்சானின் குழுவினர், செறிவுச்சரிவுக் கருத்தையே ஆழ்ந்த சோதனைக்கு உட்படுத்தினர். விங்லெசை உயிரணுப் படலத்திலேயே கட்டிவைத்தால் என்ன ஆகும் என்பது அவர்கள் கேள்வி. ஈயின் இயல்பான விங்லெசுக்கு மாறாக, படலப் புரதம் ஒன்றோடு இணைத்த விங்லெஸ் மட்டுமே உருவாகும்படி செய்தனர். அது பரவ இயலாது. தொட்டுக்கொண்டிருக்கும் அண்டை உயிரணுவுக்கு மட்டுமே செய்தி சொல்லும். அவ்வீக்கள் வளர்ச்சியில் தாமதித்தன. சிறகுகள் சற்றே சிறுத்தன. ஆயினும், ஒழுங்கான அமைப்புடைய சிறகுகள் அவற்றுக்கு முளைத்தன. விங்லெஸ் நெடுந்தொலைவு பரவினால்தான் சிறகு உருவாகும் என்னும் நம்பிக்கை தளர்ந்தது. புழுவின் இளம்பருவத்தில் சிறகுப் பகுதி எங்கும் விங்லெஸ் உருவாவதும், அதனைப் பெற்ற உயிரணுக்கள் பின்னரும் அவ்விளைவைத் தக்கவைத்துக்கொள்வதும் இதற்கு விளக்கமாகக் கூறப்பட்டன.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. 2018இல் வெளிவந்த ஆய்வில், ஈயின் கழிவுநீக்கக் குழாய்கள் சரியாக அமைவதற்கு விங்லெஸ் உண்மையிலேயே பரவ வேண்டும் என்பது காட்டப்பட்டது. சிறகில் தேவைப்படாத பரவல், கழிவுநீக்க உறுப்பில் தேவைப்படுகிறது. "விங்லெஸ் பரவுமா, பரவாதா?" என்னும் கேள்விக்கு "எந்த உறுப்பில், எப்பருவத்தில்?" என்னும் எதிர்க்கேள்வியே தகுந்த விடை.

ஈயிலிருந்து எலிக்கும் மனிதர்க்கும்

1982ஆம் ஆண்டில் ரோல் நுஸ்ஸே, ஹாரல்ட் வார்மஸ் ஆகியோர் எலிகளுக்கு மார்பகப் புற்று உண்டாக்கும் வைரசை ஆராய்ந்தனர். அவ்வைரஸ் டி.என்.ஏ.வில் புகுந்துகொண்ட இடத்துக்கு அருகே இருந்த மரபணுவுக்கு 'இன்ட்-1' என்று பெயரிட்டனர். 1987இல் அதன் ஈ வடிவத்தைத் தேடியபோது அது விங்லெஸ்தான் என்பது தெரியவந்தது. புற்றுநோய் ஆய்வகமும் ஈ ஆய்வகமும் ஒரே மரபணுவை இரு பெயர்களால் அழைத்துவந்திருந்தன. 1991இல் 'விங்லெஸ்', 'இன்ட்' ஆகிய இரண்டையும் இணைத்து 'வின்ட்' என்னும் குடும்பப் பெயர் உருவாக்கப்பட்டது. இக்குடும்பத்தில் ஈக்கு 7 மரபணுக்களும் மனிதர்க்கு 19 மரபணுக்களும் உள்ளன.

இக்குடும்பத்தின் பழுதுகள் எத்தனை வகைப்படும் என்று பாருங்கள். வின்ட்-1 அற்ற எலிகளுக்கு நடுமூளையும் சிறுமூளையின் பகுதியும் உருவாவதில்லை. மனிதரில் அதே மரபணுவின் பிறழ்வு, எளிதில் முறியும் எலும்புகளை உண்டாக்குவதாக 2013இல் அறியப்பட்டது. வின்ட்-3 மரபணுவின் பிறழ்வால் கைகால்கள் இன்றிக் குழந்தைகள் பிறந்த குடும்பம் ஒன்று 2004இல் விவரிக்கப்பட்டது. ஈயிலேயே விங்லெஸ் சிறகோடு நிற்பதில்லை. கால், இதயம், குடல், நரம்பும் தசையும் கூடுமிடம் ஆகியவற்றிலும் அதற்குப் பணி உண்டு. இதனைச் சிறகுக்கான மரபணு என்பதா, எலும்புக்கான மரபணு என்பதா, மூளைக்கான மரபணு என்பதா, புற்றுநோய்க்கான மரபணு என்பதா? எச்சொல்லும் பொருந்தவில்லை. அது உயிரணுக்கள் தம்முள் வழங்கும் மொழியின் ஒரு சொல். அச்சொல்லின் பொருள், அது சொல்லப்படும் இடத்தாலும் காலத்தாலும் அளவாலும் கேட்கும் உயிரணுவின் வரலாற்றாலும் அமைகிறது.

சிங்கப்பூரில் ஒரு மருந்து

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மருத்துவத்தில் உயிரோடு தொடர்புடையது. அதற்குச் சிங்கப்பூரிலேயே சான்று உள்ளது. டியூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரியின் டேவிட் விர்ஷப் வின்ட் புரதங்களின் சுரப்பை ஆராய்ந்துவருபவர். அக்கல்லூரியும் அறிவியல், தொழில்நுட்ப, ஆய்வு அமைப்பும் இணைந்து, போர்க்குபைன் நொதியைத் தடுக்கும் இ.டி.சி.-159 என்னும் மருந்தை உருவாக்கின. 2015இல் அது புற்றுநோயாளிகளிடம் முதற்கட்ட ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. கொழுப்பு முத்திரை இல்லையேல் வின்ட் செய்தி வெளியேறாது என்னும் உண்மையே இம்மருந்தின் அடிப்படை. அவ்வுண்மைக்கான முதல் தடயம், முட்கள் நிறைந்த வயிற்றையுடைய ஈக் கருவில் கிடைத்தது.

இம்மருந்து எல்லாருக்கும் ஒருபோல் பயன்படாது என்பதும் உயிரணுவின் செய்திப் பாதையை அறிந்தவர்க்கு விளங்கும். சில புற்றுகளில் உயிரணுக்கள் வெளியிலிருந்து வரும் வின்ட் செய்தியைச் சார்ந்து பெருகுகின்றன. அவற்றில் செய்தியைத் தடுப்பது பயன்தரக்கூடும். பெருங்குடல் புற்றுகள் பலவற்றிலோ ஏ.பி.சி. என்னும் மரபணு பழுதுபட்டிருக்கும். அது ஆர்மடில்லோவின் மனித வடிவமாகிய புரதத்தைச் சிதைக்கும் பொறியின் பகுதி. பொறியே பழுதானபின், செய்தி வந்தாலும் வராவிட்டாலும் உயிரணு பெருகிக்கொண்டே இருக்கும். வாயிலில் தபாலை நிறுத்துவதால் அங்குப் பயன் இல்லை. மேலும், வின்ட் செய்தி நலமான எலும்பின் ஆக்கத்துக்கும் வேண்டியது. ஆதலால் இவ்வகை மருந்தைப் பெறுவோரின் எலும்பு வலிமையையும் கண்காணிக்க வேண்டியுள்ளது. புற்றில் தடுக்கப்படும் அதே சொல், எலும்பில் தேவைப்படும் சொல்.

வகுப்பறைக்குச் சில பரிந்துரைகள்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து ஆசிரியர்கள் நடைமுறையில் கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, "இதற்கான மரபணு" என்னும் தொடரைத் தவிர்த்து, "இம்மரபணு பழுதுபட்டால் இக்குறை தோன்றுகிறது" என்று முழுத்தொடராகக் கூறுதல். தமிழில் 'ஆல்' ஈற்று நிபந்தனை எச்சம் இதற்கு மிகப் பொருத்தமான கருவி. 'கு' நோக்கத்தைச் சுமத்துகிறது. 'ஆல்' காணப்பட்டதை மட்டும் கூறுகிறது.

இரண்டாவது, மரபணுவின் பெயரை அதன் வேலையாகக் கொள்ளாதிருத்தல். 'வெள்ளை' கண்ணைச் சிவக்கச் செய்கிறது. 'சிறகிலி' சிறகைத் தோற்றுவிக்கிறது. இவ்விரு எடுத்துக்காட்டுகளைக் கரும்பலகையில் எழுதினாலே மாணவர்கள் கேள்வி கேட்கத் தொடங்குவர்.

மூன்றாவது, புரதத்தை மரபணுவுக்கும் பண்புக்கும் இடையில் நிறுத்திக் காட்டுதல். ஆக்கம், மடிப்பு, சர்க்கரை ஏற்றம், கொழுப்பு ஏற்றம், சுமந்துசெல்லல், பற்றிக்கொள்ளல், ஏற்றல் என்னும் படிகளில் எது தவறினும் செய்தி தவறும். ஒரே குறைக்குப் பல மரபணுக்களும், ஒரே மரபணுவுக்குப் பல குறைகளும் அமைவதன் காரணம் அப்போது மாணவர்க்குத் தானே புலனாகும்.

நிறைவுரை

வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில், சிறகு இல்லாத ஈயைப் பார்த்தவர்கள் அதனைக் குப்பையில் எறியாமல், சிறகின் இடத்தில் என்ன இருக்கிறது என்று உற்றுநோக்கினர். அங்கே முதுகு இருந்தது. அவ்வொரு கவனிப்பிலிருந்து கிளைத்த வழி, கருவின் பட்டைகள், கொழுப்பு முத்திரை, சர்க்கரைப் பாதை ஆகியவற்றைக் கடந்து புற்றுநோய் மருத்துவம்வரை வந்துள்ளது. இல்லாமை ஒன்றைக் காணும்போது அங்கு மாறாக என்ன உள்ளது என்று கேட்பதும், பெயரைக் கண்டு பொருளை முடிவு செய்யாதிருப்பதும் அறிவியல் மாணவர்க்கு வேண்டிய பழக்கங்கள். மொழி ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் இணைந்து செயற்பட்டால், இரண்டையும் நம் மாணவர்கள் தமிழிலேயே பயில முடியும்.